‘ஹிசிங்கன் ப்ளூஸ்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலமாரியில் இடமில்லை. ஸ்வீடன் குழுவான கிரேவ்யார்டின் ‘ஹிசிங்கன் ப்ளூஸ்’ (2011) இசைத்தட்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வாங்கிய புதிதில் பைத்தியமாகக் கேட்டதுதான். இப்போது எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுக்களான லெட் செப்பலினையும் பிளாக் சப்பாத்தையும் கலந்து எடுத்த நகல் போலத் தெரிகிறது. மூன்றாவது பாட்டோடு ஊசியை எடுத்துவிட்டேன். அசல்கள் என்னிடமே இருக்கும்போது இது எதற்கு? நாற்பது வருடம் கழித்து அதே மாதிரி வாசிப்பது நேர்மையா?

ராஜேஷ்

அன்புள்ள ராஜேஷ்,

போன வாரம்தான் இதே தட்டைப் போட்டுக் கேட்டேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

நேர்மையையெல்லாம் இதற்குள் இழுக்காதீர்கள். நீங்கள் அசல் என்று கொண்டாடும் செப்பலின் மீது, தன் பாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டார். ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் பிறகு அவர் பெயரையும் சேர்த்தார்கள். அசல் லட்சணம் இதுதான். அலமாரி விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

நகல் என்றே வைத்துக்கொள்வோம். எதை நகலெடுத்தார்கள்? பழைய பாணிக் குழுக்கள் பெரும்பாலும் கிதார் சத்தத்தையும் நீள முடியையும் பெல்பாட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ட்ரம்ஸை மறந்துவிடும். சப்பாத்தின் ட்ரம்மர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். சப்பாத்தின் ஆரம்பத் தட்டுகளில், பாட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் அவர் கையில் ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டம் இருக்கும். பின்னால் வந்த மெட்டலில் அது காணாமல் போனது. கணினி வந்த பிறகு ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிறார்கள். கேட்டால் துல்லியமாம்!

கிரேவ்யார்டின் ட்ரம்மர் ஆக்ஸல் ஷோபெர்க் அந்த ஆட்டத்தைப் பிடித்தவர். ‘அன்கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டைக் கேளுங்கள். மெதுவான ப்ளூஸாகத் தொடங்குகிறது. பிரிவைப் பற்றி யோவாகிம் நில்ஸன் தொண்டை கிழியப் பாடுகிறார். ட்ரம்ஸ் அவசரப்படவே இல்லை, குரலுக்கு இடம் விட்டு ஓரமாக நிற்கிறது. கடைசியில் பாட்டு ஓட்டமெடுக்கும்போது, முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போகிறவர் ஷோபெர்க். நாலு பேர் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு வாசித்தால்தான் இது நடக்கும். அது எத்தனையாவது பாட்டு தெரியுமா? நாலாவது. நீங்கள் மூன்றோடு எழுந்துவிட்டீர்கள். இப்படிக் கேட்டுவிட்டு எனக்குக் கடிதம் வேறு!

2016இல் குழு கலைந்து, அடுத்த வருடமே மறுபடி சேர்ந்தது. ஷோபெர்க் வரவில்லை. 2018இல் வந்த ‘பீஸ்’ தட்டில் குரல் அதேதான், கிதாரும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் தாளம் நேராக உதைக்கிறது. எனக்கு அது இரண்டாம் தரம்தான். சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இன்னொன்று. ஹிசிங்கன் கோத்தன்பர்க் நகரத்தை ஒட்டிய தீவு. கப்பல் கட்டும் தளங்கள் இருந்த இடம். 1970களின் நெருக்கடியில் அந்தத் தொழில் சரிந்தது, வோல்வோ ஆலை இன்றும் இருக்கிறது. தகர ஆலையில் சப்பாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் விரல் நுனிகளைப் பறித்த, அந்தக் குழுவின் சொந்த ஊரான பர்மிங்காமுக்கு இந்தத் தீவு ரொம்ப அந்நியமா என்ன? நில்ஸனும் பேஸ் வாசித்த எட்லுண்டும் கிரேவ்யார்டுக்கு முன்பே, 2000இல் கலைந்த நோர்ஷ்கென் என்ற குழுவில் இதே மாதிரி வாசித்தவர்கள். ஃபேஷனைப் பார்த்து வந்து சேர்ந்தவர்கள் இல்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. ‘ஆர்.எஸ்.எஸ்.’ என்றொரு பாட்டு (நம்மூர் சமாச்சாரமில்லை, பயப்படாதீர்கள்) எனக்கு இட்டு நிரப்பியது போலத்தான் படுகிறது. ஆனால் அதைத் தாண்டினால் ‘தி சைரன்’. முணுமுணுப்பாக ஆரம்பித்து வெடிக்கும் அந்தப் பாட்டுக்காகவே தட்டை வைத்துக்கொள்ளலாம்.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம், தம்பி. நாலாவது பாட்டைக் கேட்காமல் விற்றால் என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.