மாடலாக இருந்து எழுத்தாளரானவர்களில் உங்களைப் பாதித்தவர் யார்? ஏன்?

பத்மா லட்சுமி. ஏன் என்று சொல்ல என் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்காக வாரத்தில் மூன்று நாள் புடவை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் நிற்கிறேன். லைவ்வில் பார்க்கிறவர்கள் அங்கேயே ஆர்டர் போடுவார்கள். ஒன்பது வயதில் வெந்நீர் அண்டா கவிழ்ந்து என் இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை தழும்பு. லைவ் தொடங்குமுன் முதலாளி தவறாமல் சொல்வார்: "முந்தானைய இழுத்து வுட்டுக்கோம்மா, கை தெரியுது." திட்டிச் சொல்வதில்லை. அதனாலேயே பதில் பேச வராது.

பத்மா 1970-ல் நம் சென்னையில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் அம்மா அமெரிக்காவுக்கு நர்ஸ் வேலைக்குப் போக, நான்கு வயதில் இவரும் போனார். பள்ளி விடுமுறைகள் சென்னையில், தாத்தா பாட்டி வீட்டில். 14 வயதில் கடும் நோயால் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பிய இரண்டே நாளில், கலிஃபோர்னியாவில் மாலிபு கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கார் விபத்து. இடுப்பெலும்பு முறிந்தது, வலது கை நொறுங்கியது. அறுவை சிகிச்சை விட்டுப்போன தழும்பின் நீளம் 7 அங்குலம்.

கல்லூரிப் படிப்பின்போது ஸ்பெயினில் மாடலிங் வாய்ப்பு வந்தது. மிலன், பாரிஸ் என்று போன இடமெல்லாம் தழும்பை மேக்கப்பால் மூட வேண்டியிருந்தது. ஹெல்முட் நியூட்டன் என்ற பெரிய புகைப்படக் கலைஞர்தான் அதை மூடாமலே படம் எடுத்தார். அதன்பின் மற்றவர்களும் அதே கையைக் கேட்டு வந்தார்கள். இந்தப் பகுதியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

1999-ல் முதல் சமையல் புத்தகம். தான் நடித்த ஒரு வேடத்துக்காக எடையை ஏற்றி, பிறகு இறக்கிய அனுபவத்திலிருந்து வந்தது. 2006 முதல் 2023 வரை 'டாப் செஃப்' என்ற அமெரிக்க டிவி சமையல் போட்டியைத் தொகுத்து வழங்கினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பேசுகிறார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது 2016-ல் வந்த அவருடைய சுயசரிதை, 'லவ், லாஸ், அண்ட் வாட் வி ஏட்'. இங்கிலீஷ்தான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தேன். பாட்டி வீட்டுச் சமையல், முறிந்த கல்யாணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நான் நின்றுபோன இடம் வேறு. பதின்ம வயதிலிருந்து மாதாமாதம் படுக்கையில் சுருண்டு கிடந்தவருக்கு, அது எண்டோமெட்ரியோசிஸ் என்று 36 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, ஒவ்வொரு மாதவிலக்கிலும் வீங்கி வலிக்கும் நோய். உலகில் பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2009-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இதற்காகவே ஒரு அறக்கட்டளை தொடங்கினார்.

அழகை வைத்துச் சம்பாதித்த ஒரு பெண், தன் உடம்பில் வலித்த இடங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளைப் பற்றிப் பேச்சே கிடையாது. நான் துடித்தபோது அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்து, "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்டி" என்பாள். அவளுக்கும் அவள் அம்மா அதையேதான் சொல்லியிருப்பாள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்கா பெண்ணுக்கு 15 வயது. மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பாள். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். போன மாதம் வேறொரு டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். அந்த நீளமான பெயரை வீட்டிலேயே பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். "எண்டோமெட்ரியோசிஸா இருக்குமான்னு பாருங்க டாக்டர்" என்றதும் அவர் மருந்துச் சீட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, என்னை விட்டு அவளிடம் திரும்பிக் கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிக்கும்? எங்க ஆரம்பிக்கும்? நீயே சொல்லும்மா."

அரை மணி நேரம் சொன்னாள்.