மகனின் போனும் வாட்ச்சும் நோயை முன்கூட்டிச் சொல்லுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மூன்று வருடமாக பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறான். போன வருடம் நாலு நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தான், கடன் வாங்கி பைக் எடுத்தான், கடைசியில் அட்மிட் செய்தோம். இப்போது நன்றாக இருக்கிறான். கோவையில் வேலை, தனி ரூம். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். போனில் ஒரு ஆப், கையில் ஒரு வாட்ச். தூக்கம், நடமாட்டம், போன் உபயோகம் எல்லாம் பதிவாகுமாம். நோய் திரும்பப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சியாம். அவனோ, "சேர்றேன், ஆனா அம்மாவுக்கு எதுவும் போகக் கூடாது" என்கிறான். சேரவிடலாமா? அந்த விவரங்களை எனக்கும் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்பது தவறா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். போன வருடம் அந்த நாலு நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்த எந்தத் தாய்க்கும் இந்த எண்ணம் வரும். ஆனால் டாக்டரிடம் கேட்காதீர்கள், மகனிடம் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில்தான் அதற்கு விலக்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். அம்மா கவனிக்கிறார் என்று தெரிந்தால் அவர் வாட்ச்சைக் கழற்றி டிராயரில் போட்டுவிடலாம், போனை ரூமிலேயே வைத்துவிட்டு வெளியே போகலாம். அப்புறம் டாக்டருக்குக் கிடைப்பதும் பொய்க் கணக்குதான்.

இனி, போன் உண்மையில் என்ன சொல்லும் என்று பார்ப்போம். இந்தப் பதிவுகளை 'டிஜிட்டல் பயோமார்க்கர்' என்கிறார்கள். யோசனை சரியானதுதான். மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலாரில், அந்த உற்சாகநிலையான மேனியா வருவதற்குச் சில நாள் முன்பே தூக்கம் குறைவது பலரிடம் காணப்படும் அறிகுறி. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு முழுத் தெம்போடு எழுந்திருப்பார்கள். மனச்சோர்வில் பலருக்கு வெளியே போவது குறையும், போன் பேசுவது குறையும். இவையெல்லாம் போனில் தடம் விடும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்கிஸோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 17 பேரை அதிகபட்சம் மூன்று மாதம் இப்படிக் கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், வழக்கத்துக்கு மாறான நடத்தைகள் மற்ற நாட்களைவிட 71 சதவீதம் அதிகமாகத் தெரிந்தன. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் வெறும் 17 பேர். அதே வழியில் பாஸ்டன், போபால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆகிய இடங்களைச் சேர்த்துப் பிறகு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். நம் ஊர் வாழ்க்கையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். ஒரே போனை வீட்டில் நாலு பேர் பயன்படுத்துவதும், நைட் ஷிப்ட்டும், விடிய விடிய நடக்கும் ஊர்த் திருவிழாவும் பாஸ்டன் கணக்கில் இருக்காது.

உங்கள் மகனின் நோய்க்கே நேராகச் செய்த ஆய்வும் இருக்கிறது. அதைக் கவனமாகப் படியுங்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 'மொனார்கா' என்ற பெயரில் பைபோலார் நோயாளிகள் 78 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆறு மாதம் தினமும் மனநிலை, தூக்கம் எல்லாவற்றையும் போனில் பதிந்தார்கள். மற்றவர்கள் போனைச் சாதாரணமாகப் பயன்படுத்தினார்கள். 2015-இல் வந்த முடிவில், பதிந்தவர்களின் நோய் அறிகுறிகள் குறிப்பிடும்படி குறையவில்லை. மனச்சோர்வு அவர்களிடம் சற்று நீடிக்கும் போக்கே தெரிந்தது. 129 பேரை வைத்து ஒன்பது மாதம் நடத்திய அடுத்த ஆய்விலும் அறிகுறிகளில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆப் வைத்திருந்தவர்கள் தங்கள் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும் மன அழுத்தம் குறைந்ததாகவும் சொன்னார்கள். அளந்துகொண்டே இருப்பதால் மட்டும் நோய் அடங்காது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். சிலருக்குத் தங்கள் சோர்வைத் தினமும் எண்ணிப் பார்ப்பதே பாரமாகிறது. மகன் சேர்ந்த பிறகு, "இதைப் பார்த்தாலே எரிச்சலா இருக்கு" என்றால் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

மகன் லித்தியம் சாப்பிடுபவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் புரியும். ரத்தத்தில் லித்தியம் அளவு பொதுவாக 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பல்லாண்டு அனுபவம் வரையறுத்திருக்கிறது. தூக்க மணி நேரத்துக்கும் நடந்த தூரத்துக்கும் அப்படி உறுதியான எல்லைக்கோடு இன்னும் கிடையாது. வாட்ச் தூக்கத்தை நேரடியாக அளப்பதும் இல்லை. உடல் அசைவையும், சில வாட்ச்கள் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கின்றன. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளக்கூடும். அதனால் வாட்ச் "எல்லாம் சரி" என்று காட்டுகிறதே என்று ரத்தப் பரிசோதனையையோ, டாக்டரைப் பார்க்கும் தேதியையோ தள்ளிப்போட வேண்டாம்.

பொய் எச்சரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் 100 பேரில் ஒருவருக்குத்தான் நோய் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற 99 பேரில் பத்தில் ஒருவருக்கு ஆப் தவறாக மணியடித்தால், அந்த வாரம் சுமார் பத்துக் குடும்பங்கள் வீணாகப் பதறும். விவரங்கள் உங்கள் போனுக்கு வந்தால், ஆபீஸ் வேலைக்காக அவர் கண் விழித்த ஒவ்வொரு ராத்திரியும் நீங்கள் கரூரில் பஸ் ஏறுவீர்கள்.

சரி, சேரலாமா? அவருக்கு விருப்பம் இருந்தால் சேரட்டும் என்பதே என் கருத்து. கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பதிவுகளை அன்றன்றே யாராவது பார்க்கிறார்களா? பல ஆராய்ச்சிகளில் விவரங்களைச் சேர்த்து வைத்துப் பிறகுதான் அலசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யாரும் கண் விழித்திருப்பதில்லை. குடும்பங்கள் பெரும்பாலும் இதை நேர்மாறாகவே நினைத்துக்கொள்கின்றன. போகும் இடம் துல்லியமாகச் சேமிக்கப்படுகிறதா, எவ்வளவு தூரம் போனார் என்பது மட்டுமா? பேச்சும் மெசேஜும் பதிவாகுமா? ஆய்வு முடிந்தபின் விவரங்கள் யாரிடம் இருக்கும், நடுவில் விலகினால் அழிப்பார்களா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? விலகுவதற்குச் சட்டம் எப்போதும் இடம் தருகிறது. விலகியதற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது.

பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் 'மூட்' ஆப்களை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ஆன்லைன் கவுன்சலிங் நடத்தும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், வாடிக்கையாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவர்களிடம் கொடுத்ததாக எழுந்த புகாரில், அமெரிக்க அரசு அமைப்புடன் 2023-இல் 78 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

உங்கள் பங்கு என்ன? மகன் நன்றாக இருக்கும் இந்த நேரத்தில் ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசுங்கள். போன வருடம் முதலில் எது மாறியது என்று அவரிடமே கேட்டு, அவர் வாயால் வந்ததை எழுதிவையுங்கள். எத்தனை ராத்திரி தூக்கம் குறைந்தால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் மறுத்தால் நீங்கள் செய்யலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். தூக்கக் கணக்கை மட்டும் காட்டச் சம்மதித்தால் நல்லது. அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அதே 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதுவாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மகன் சம்மதித்தால் கூடவே போங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றமான ராத்திரியில் ஆலோசனை கேட்க, 24 மணி நேரமும் தமிழில் பேசும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. அதில் நீங்களும் பேசலாம், உங்களுக்காகவும் பேசலாம்.