பழைய ரயில் எஞ்சின், புதிய மின்சார கார்: கலிபோர்னியா புகைச் சட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாக டீசல் ரயில் எஞ்சின் பராமரிப்பில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி (சேலம், பொறியியல் மாணவர்): கலிபோர்னியாவின் ரயில் எஞ்சின் விதி என்ன ஆயிற்று?

தம்பி, 2023 ஏப்ரலில் அம்மாநிலக் காற்று வள வாரியம் அதை நிறைவேற்றியது. 23 வயதை எட்டிய எஞ்சின்களுக்கு 2030 முதல் பொதுவாக அனுமதி இல்லை என்றது அந்த விதி. நின்ற இடத்தில் 30 நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடக் கூடாது என்றது. புகையின் அளவுக்கேற்ப நிறுவனங்கள் ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் போட்டு, அதில் தூய எஞ்சின் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. ரயில் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. விதி நடைமுறைக்கு வரத் தேவையான அமெரிக்க நடுவண் அரசின் அனுமதியும் வரவில்லை. 2025 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, மாநிலமே அந்த அனுமதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

கேள்வி (மதுரை): புதிய எஞ்சின்களுக்கு 2015 முதலே கடுமையான தரம் இருக்கிறதே? தனியாக ஒரு விதி எதற்கு?

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 2015 தரத்தில் ஒரு குதிரைத்திறன் மணிக்கு 1.3 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயுதான் வரலாம். ஆனால் ரயில் எஞ்சின் கார் போலப் பத்துப் பதினைந்து ஆண்டில் காயலான் கடைக்குப் போவதில்லை. பிஸ்டன், லைனர் மாற்றி, டர்போவைப் புதுப்பித்து, நாற்பது ஆண்டுகூட ஓட்டுவார்கள். அப்படிப் புதுப்பித்ததற்கு இன்றைய தரம் பொருந்தாது. அது பிறந்த காலத்தின் தரத்தைச் சற்று இறுக்கினால் போதும். 1990களின் தொடக்கத்தில் செய்த எஞ்சினுக்கு அந்த அளவு 8 கிராம். ஆறு மடங்கு! அந்தப் பழைய எஞ்சின்தான் பெரும்பாலும் யார்டில் பெட்டி கோக்கும் வேலைக்கு வரும். யார்டை ஒட்டித்தான் வீடுகள் இருக்கும். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலையில் விரல் வைத்தால் கரி ஒட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பெரம்பூர், ஓய்வுபெற்ற லோகோ பைலட்): நின்றால் அணைத்துவிட வேண்டியதுதானே?

ஐயா, உங்களுக்குத் தெரியாததா? ரேடியேட்டரில் இருப்பது உறைதடுப்பி கலக்காத தண்ணீர். கடுங்குளிரில் அணைத்தால் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். பிரேக் காற்றழுத்தமும் இறங்கும். ஆனால் கலிபோர்னியாவில் பெரும்பாலான நாட்களில் அந்தக் குளிர் கிடையாது. தானாக அணைந்து தானாகக் கிளம்பும் கருவியும் வந்து வெகுகாலமாயிற்று.

கேள்வி (கோவை, லாரி உரிமையாளர்): ரயிலை நெருக்கினால் சரக்கு லாரிக்கு வந்துவிடாதா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. ஒரு டன் சரக்குக்கு ரயில் லாரியைவிட மூன்று நான்கு மடங்கு டீசலை மிச்சப்படுத்துகிறது. சிறு ரயில் நிறுவனங்களுக்குப் பல லட்சம் டாலர் விலையுள்ள புதிய எஞ்சின் எட்டாக்கனி என்பதும் உண்மை. அவர்களுக்கு மானியமும் கூடுதல் அவகாசமும் தருவதே நியாயம். ஆனால் டீசல் மிச்சமாவது வேறு, நச்சுப்புகை குறைவது வேறு. 2023 முதல் கலிபோர்னியச் சாலைகளில் ஏறக்குறைய எல்லாக் கனரக லாரிகளுக்கும் 2010ஆம் ஆண்டின் புகைத் தரத்துக்கு ஏற்ற எஞ்சின் கட்டாயம். லாரிக்காரருக்கு ஒரு நீதி, பெரிய ரயில் நிறுவனத்துக்கு வேறு நீதியா?

கேள்வி (டொராண்டோ): மின்சார கார் சட்டமும் போய்விட்டதா?

2035 முதல் புதிய பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் விதிக்கு 2024 டிசம்பரில் கிடைத்த அனுமதியை நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூன் 12 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். அன்றே கலிபோர்னியா வழக்குத் தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரை அந்த விதி ஒருபோதும் தடுக்கவில்லை. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (திருச்சி): ரயில் பாதையை மின்மயமாக்கினால் சண்டையே இல்லையே?

உண்மைதான். சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே ஓடும் கால்ட்ரெய்ன் என்ற பயணிகள் ரயில் 2024 செப்டம்பரில் முழு மின்சாரச் சேவைக்கு மாறியது, நம் ஊர் போலவே 25,000 வோல்ட்டில். ஆனால் அமெரிக்கச் சரக்குப் பாதைகளில் பெரும்பகுதி தனியாருடையது. கம்பி இழுக்கும் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்பதால் யாரும் முன்வரவில்லை.