9 வருஷம் மேனுவல் டெஸ்டிங், ரெஸ்யூம்ல ஆட்டோமேஷன்னு பொய் போட்டாதான் சீனியர் வேலையா?

கேள்வி: 9 வருஷமா மேனுவல் டெஸ்டிங்லயே, அதாவது சாஃப்ட்வேர கையால ஓட்டிப் பாத்து தப்பு கண்டுபிடிக்கிற வேலைலயே இருக்கேன். இப்ப சீனியர் டெஸ்டர் வேலைக்கு ட்ரை பண்றேன். ஒரு ஏஜென்ட் பழக்கமானாரு. "ரெஸ்யூம்ல 4 வருஷம் ஆட்டோமேஷன் (ப்ரோகிராம் எழுதி டெஸ்ட்ட தானா ஓட வைக்கிறது)னு போட்டுக்கோங்க, அதுக்கான பேப்பரெல்லாம் நாங்க ரெடி பண்றோம், இன்டர்வியூல உங்க காதுல ஒருத்தர் பதில் சொல்லிட்டே இருப்பாரு"ன்னு சொல்லி அட்வான்ஸ் கேக்குறாரு. இப்படி பண்ணாட்டி வேலையே கிடைக்காதா?

பதில்: முதல்ல அந்த அட்வான்ஸ கொடுக்காதீங்க. ஆள் எடுத்துக் கொடுக்கிறவங்களுக்கு கம்பெனிதான் காசு கொடுக்கும், வேலை தேடுறவங்க கிட்ட கை நீட்டுறவர் உங்களுக்கு வேலை வாங்கித் தர மாட்டாரு, உங்க பயத்த வித்துதான் சம்பாதிக்கிறாரு. நான் பல வருஷமா டெஸ்டர்கள இன்டர்வியூ எடுக்கிறேன், காதுல ஆள் வச்சுட்டு வர்றவங்கள கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. கேள்வி கேட்டதும் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒரு பதில். "சரி, ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க, இந்த டெஸ்ட் சில நேரம் பாஸ் ஆகுது சில நேரம் ஃபெயில் ஆகுது, என்னன்னு பாருங்க"ன்னு சொன்னா அதோட முடிஞ்சுது. செலினியம்னு வெப்சைட்ட தானா டெஸ்ட் பண்ற டூல்ல ரெண்டு விதமான வெயிட்டு (பக்கத்துல தேடுறது வர்ற வரைக்கும் காத்திருக்கிறது) இருக்கு, ஒண்ணுல 10 செகண்ட், இன்னொண்ணுல 15 செகண்ட் வச்சு கலந்துட்டா அது 20 செகண்ட் கழிச்சு கூட ஃபெயில் ஆகலாம். கலக்காதீங்கன்னு அவங்களே டாக்குமென்டேஷன்ல எழுதி வச்சிருக்காங்க. நிஜமா அதுல மாட்டி ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தவங்க உடனே அங்கதான் கை வைப்பாங்க. காதுல பேசுறவருக்கு உங்க ஸ்கிரீனே தெரியாது, அவர் எங்க கை வைப்பாரு?

ஒருவேளை இன்டர்வியூ தாண்டிட்டாலும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் இருக்கு. நீங்க வேலைல சேந்து ஆறு மாசம் கழிச்சு போலி பேப்பர் மாட்டினாலும் உடனே அனுப்பிடுவாங்க, அந்த ஏஜென்ட் அன்னிக்கு போனே எடுக்க மாட்டாரு. உங்க 9 வருஷமும் சேந்து சந்தேகத்துக்கு ஆளாயிடும், எனக்கு வயிறு எரியறது அதுக்குதான்.

இந்த மாதிரி ஏஜென்ட்டுங்க வளர்றதுக்கு கம்பெனிகளும் காரணம், அத சொல்லாம இருக்க முடியல. ப்ளேரைட்னு ஒரு ஆட்டோமேஷன் டூல் 2020லதான் வெளிய வந்துச்சு, அதுல 10 வருஷ அனுபவம் கேட்டு விளம்பரம் போட்டா நேர்மையா இருக்கிறவங்க எங்க போவாங்க? ரெஸ்யூம்ல அந்த வார்த்தை இல்லன்னா முதல் கட்டத்துலயே தூக்கிப் போட்டுர்றாங்க, படிச்சுப் பாக்கவே ஆளில்ல.

சரி, நேர்மையா என்ன போடலாம்? இத மட்டும் பொறுமையா படிங்க, ஏன்னா நிறைய மேனுவல் டெஸ்டர்ஸ் இங்கதான் தங்களையே குறைச்சு எடை போடுறாங்க. உங்க பதவிப் பேர்ல ஆட்டோமேஷன்னு இல்லாட்டியும் நீங்க அத பண்ணியிருக்கலாம். 500 வரி டெஸ்ட் டேட்டாவ கையால அடிக்க முடியாம பைத்தான்ல சின்னதா ஒண்ணு எழுதினீங்களா? ஏபிஐ (ரெண்டு சாஃப்ட்வேர் ஒண்ணோட ஒண்ணு பேசுற வழி) எல்லாத்தையும் போஸ்ட்மேன்னு அத டெஸ்ட் பண்ற டூல்ல சேத்து வச்சு, ஒவ்வொரு பில்டுக்கும், அதாவது சாஃப்ட்வேரோட ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் ஓட்டினீங்களா? அது ஆட்டோமேஷன்தான், தாராளமா போடுங்க. ஆனா "4 வருஷம்"னு வருஷக் கணக்குல போடாதீங்க, என்ன எழுதினீங்க, யாரெல்லாம் அத ஓட்டினாங்க, எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு போடுங்க. பக்கத்து சீட்டுக்காரர் எழுதினத நீங்க ஓட்ட மட்டும் செஞ்சிருந்தா "ஓட்டினேன், ரிசல்ட் பாத்தேன்"னு மட்டும் சொல்லுங்க. கோர்ஸ்ல கத்துக்கிட்டதுன்னா கோர்ஸ்னே சொல்லுங்க. கம்பெனியோட ப்ரோகிராம் கோட (code) வெளிய எடுத்துட்டு வந்து காட்டவே காட்டாதீங்க, அதே மாதிரி ஒண்ண வீட்ல உக்காந்து ஒரு டெமோ சைட்டுக்கு புதுசா எழுதி வச்சுக்கோங்க.

சர்டிஃபிகேட் பத்தி ஒரு வரி. ஐஎஸ்டிக்யூபிங்கிற டெஸ்டர் சர்டிஃபிகேட்டோட முதல் கட்டமான ஃபவுண்டேஷன் பரீட்சை 40 கேள்வி, 26 சரியா இருந்தா பாஸ், சிலபஸ் இலவசமாவே கிடைக்குது, அதனால "கேள்வித்தாள் தர்றோம்"னு வர்றவங்கள நம்பி காசு விடாதீங்க. இது இருந்தா நல்லது, ஆனா சீனியர்னு யாரும் இத வச்சு முடிவு பண்றதில்ல.

சீனியர் இன்டர்வியூல நான் தேடுறது உங்க முடிவெடுக்கிற திறமைய. 2012 ஆகஸ்ட் 1ம் தேதி அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல் (Knight Capital)னு ஒரு பங்கு வர்த்தக கம்பெனில என்ன நடந்துச்சுன்னா, 8 சர்வர்ல புது கோடு போடணும், ஒண்ணுல விட்டுப்போச்சு, அதுல பல வருஷமா சும்மா கிடந்த பழைய கோடு முழிச்சுக்கிட்டு தப்புத் தப்பா ஆர்டர் போட்டுச்சு, சுமார் 45 நிமிஷத்துல 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். மார்க்கெட் தொறக்கறதுக்கு முன்னாடியே 97 ஈமெயில் அந்தப் பிரச்சனைய பத்தி தானா வந்திருக்கு, ஒருத்தரும் கண்டுக்கல. "நீங்க அங்க டெஸ்டரா இருந்தா இத எங்க பிடிச்சிருப்பீங்க?"ன்னு நான் கேப்பேன். ஒரு அம்மா, ஆட்டோமேஷன் பக்கமே போகாதவங்க, "8 சர்வர்லயும் ஒரே வெர்ஷன் ஓடுதான்னு பாக்காம ரிலீஸ் முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்து போட மாட்டேன், அந்தப் பழைய கோடை ஏன் இன்னும் வச்சிருக்கீங்கன்னு டெவலப்பர முதல்லயே கேட்டிருப்பேன்"னு சொன்னாங்க. அன்னிக்கே அவங்கள எடுத்துட்டோம்.

அதனால உங்க 9 வருஷத்துல இருந்து மூணு கதை எழுதி வச்சுக்கோங்க. நீங்க பிடிச்ச பெரிய பக் (சாஃப்ட்வேர் தப்பு) ஒண்ணு, உங்க கைய மீறி, நிஜமா மக்கள் பயன்படுத்துற இடமான ப்ரொடக்‌ஷனுக்குப் போனது ஒண்ணு, நேரமில்லாம எத டெஸ்ட் பண்ணாம விட்டீங்க, ஏன் விட்டீங்கங்கிறது ஒண்ணு. ரெண்டாவதத்தான் ரொம்ப நோண்டிக் கேப்பாங்க, தப்ப அடுத்தவங்க மேல தள்ளாம சொல்லிப் பழகுங்க, முடிஞ்சா யாராவது ஃப்ரெண்ட எதிர்ல உக்கார வச்சு சத்தமா சொல்லிப் பாருங்க.