ஸ்கூட்டர் உதிரிபாகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்கூட்டரைத் தயாரிக்கும் நிறுவனமே அதற்கான பாகங்களையும் விற்கிறது. அப்படியிருக்க, ஒரு ஸ்கூட்டரைக்கூடத் தயாரிக்காமல் பாகங்களையும் துணைப்பொருள்களையும் மட்டுமே செய்து விற்கும் நிறுவனங்கள் எவ்வாறு நிலைத்து நிற்கின்றன?

பதில்: ஸ்கூட்டர் நிறுவனம் தன் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், டயர், பெல்ட் போன்றவை பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தப்படுபவை. இத்தாலியில் 1933இல் தொடங்கப்பட்ட டெலோர்ட்டோ நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. இவ்வாறு ஸ்கூட்டர் நிறுவனத்துக்கே பாகம் கொடுப்பவர்கள் முதல் வகையினர்.

வண்டியின் இழுவையையும் வேகத்தையும் கூட்ட விரும்புவோரை நம்பி வளர்ந்தவர்கள் இரண்டாம் வகையினர். இத்தாலியின் மலோசி நிறுவனம் 1930இல் பொலோஞ்ஞாவில் கார்புரேட்டர் வேலையில் தொடங்கியது. போலினி 1945இல் பெர்கமோ வட்டாரத்தில் தோன்றியது. பியாஜியோ வெஸ்பாவை வெளியிட்டது 1946இல், இன்னொசென்டி லாம்ப்ரெட்டாவை வெளியிட்டது 1947இல் என்பதை நினைத்துப் பார்த்தால், ஸ்கூட்டருக்கென்றே பெயர்பெற்ற இவ்விரு நிறுவனங்களும் அந்த ஸ்கூட்டர்களுக்கு மூத்தவை என்பது விளங்கும்.

மூன்றாம் வகையினர், உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்குப் பாகம் செய்பவர்கள். இன்னொசென்டி லாம்ப்ரெட்டா உற்பத்தியைக் கைவிட்டபோது அதன் இயந்திரங்கள் லக்னோவில் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆனால் ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு ரப்பர் புஷ் முதல் சைலன்ஸர் வரை தொடர்ந்து தேவைப்பட்டன. என் கணிப்பில் மிகக் கடினமான வேலை இவர்களுடையதுதான். மூல வரைபடம் கையில் இல்லாத நிலையில், தேய்ந்துபோன பழைய பாகத்தை அளந்து, அது தேயாதிருந்தபோது என்ன அளவில் இருந்திருக்கும் என்று கணித்துத்தான் புதியதைச் செய்தாக வேண்டும். அந்தக் கணிப்பு சற்றுப் பிசகினாலும் பாகம் பொருந்தாது. பொருந்தினாலும் நெடுநாள் உழைக்காது.

கேள்வி: ஸ்கூட்டர் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகமும், அதைச் செய்து கொடுக்கும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாகமும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றாக இருக்கலாம், இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. உலோகக் கலவை, அளவில் அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வு, சோதனை முறை ஆகியவற்றை ஸ்கூட்டர் நிறுவனம் ஒப்பந்தத்தில் வரையறுக்கிறது. அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்கும்போது அதே வரையறையைப் பின்பற்றலாம், தளர்த்தலாம், சில பாகங்களில் அதைவிடக் கடுமையாக்கவும் செய்யலாம். ஆகவே பெட்டியைவிட அந்த நிறுவனத்தின் விவரப்பட்டியலைப் பார்ப்பதே நல்லது. எந்த மாடலுக்கு, எந்த ஆண்டுக்கு, எந்தச் சேஸிஸ் எண்ணிலிருந்து எந்த எண் வரை இப்பாகம் பொருந்தும் என்று அச்சிட்டிருக்கும் நிறுவனத்தை நம்பலாம்; 'எல்லா ஸ்கூட்டர்களுக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பவரிடம் கைப்பிடி உறை வாங்கலாம், பிரேக் ஷூ வாங்க வேண்டாம்.

கேள்வி: கியர் இல்லாத என் ஸ்கூட்டரில் எடை குறைந்த வேரியேட்டர் ரோலர்களைப் போட்டேன். இன்ஜின் முன்பைவிட உரக்கச் சத்தமிடுகிறது. ஆனால் உச்ச வேகம் கூடவே இல்லை. பாகம் தரமற்றதா?

பதில்: நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் பாகம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதனிடம் நீங்கள் எதிர்பார்த்ததுதான் வேறு.

இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் முன் புல்லிதான் வேரியேட்டர்; அது இரண்டு தட்டுகளால் ஆனது. அவற்றில் நகரக்கூடிய தட்டின் பின்னால், பெரும்பாலான ஸ்கூட்டர்களில், ஆறு ரோலர்கள் சரிவான பாதைகளில் அமர்ந்திருக்கும். இன்ஜின் வேகமெடுக்கும்போது ரோலர்கள் மையத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்டு, அந்தத் தட்டை மற்றத் தட்டை நோக்கி நெருக்குகின்றன. இடையில் இருக்கும் பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் சுற்றத் தொடங்குகிறது. பெல்ட்டின் நீளம் மாறாததால், பின் புல்லியின் தட்டுகள் அங்குள்ள ஸ்பிரிங்கின் விசையை எதிர்த்து விலகி, பெல்ட்டை உள்ளே இறங்க விடுகின்றன. கியர் வண்டியில் முதல் கியரிலிருந்து கடைசி கியருக்குப் போவது, இங்கே படிகளே இல்லாமல் நடந்தேறுகிறது.

ரோலரின் எடை குறைந்தால், தட்டை அதே அளவுக்கு நெருக்க இன்ஜின் முன்பைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். எனவே வண்டி 'சிறிய கியரில்' கூடுதல் நேரம் நிற்கிறது. பிக்கப்பும் மேடேறும் வலுவும் கூடலாம், அத்துடன் சத்தமும் எரிபொருள் செலவும் கூடும். ஆனால் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பவை பெல்ட் முன் புல்லியில் எவ்வளவு மேலேற முடியும் என்பதும், இன்ஜினின் திறனும்தான். ரோலரை மாற்றுவதால் இவ்விரண்டும் கூடுவதில்லை. எடையை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால், இன்ஜின் தன் முழு வேகத்தில் சுழன்றும் தட்டை முழுதாக நெருக்க முடியாமல், உச்ச வேகம் குறைந்துபோவதும் உண்டு. மாறாக எடை கூடினால் இன்ஜின் தன் திறன் மிகுந்த சுழற்சியை எட்டுவதற்கு முன்பே பெல்ட் மேலேறிவிட, வண்டி மந்தமாகும்.

எனவே சரியான எடை என்பது, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகியிருக்கும்போது இன்ஜினைத் தன் உச்சத் திறன் கிடைக்கும் சுழற்சியில் நிறுத்தி வைக்கும் எடையே. ஒரு ரோலருக்கு அரை கிராம் குறைத்தாலே ஆறுக்கும் சேர்த்து மூன்று கிராம் குறைந்துவிடுகிறது என்பதால், நல்ல நிறுவனங்கள் இவற்றைச் சிறுசிறு எடை வேறுபாட்டில் தனித்தனித் தொகுப்புகளாக விற்கின்றன. வாங்கும்போது எடையோடு அளவையும் பார்க்க வேண்டும்: 16×13 என்று அச்சிட்டிருந்தால் விட்டம் 16 மி.மீ., அகலம் 13 மி.மீ. என்று பொருள்.

இன்னொன்று: புதிய ரோலருக்குச் செலவிடும் முன் பழையவற்றையும் பெல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது உருளாமல் இழுபடும். பெல்ட்டின் அகலம் குறைந்திருந்தால் அது புல்லியில் ஆழமாக இறங்கி, மேலே எட்ட வேண்டிய உயரத்தை எட்டாது. வேகம் போதவில்லை என்று டியூனிங் கிட் (வேகத்தைக் கூட்டும் பாகங்களின் தொகுப்பு) தேடி வருபவர்களில் பலருக்கு, உற்பத்தியாளர் குறித்த அளவில் ஒரு புதிய பெல்ட் போதுமானதாக இருக்கும். விற்பவர் இதை முதலில் சொல்லிவிட்டால் அவரிடமே மற்றவற்றையும் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பார்க் பிளக்கில் ஒரு நிறுவனத்தின் 7ஆம் எண்ணுக்குப் பதிலாக இன்னொரு நிறுவனத்தின் 7ஆம் எண்ணைப் போடலாமா?

பதில்: கூடாது. என்ஜிகே நிறுவனத்தின் முறையில் எண் ஏற ஏற, வெப்பத்தை விரைவாகக் கடத்தும் 'குளிர்ந்த' பிளக் என்று பொருள். பாஷ் நிறுவனத்தின் முறையில் இது நேர்மாறானது. நிறுவனங்கள் தரும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே மாற்ற வேண்டும். மரை நீளத்தையும் கவனியுங்கள்: 14 மி.மீ. விட்டமுள்ள பிளக்குகளிலேயே 12.7 மி.மீ. நீளமும் உண்டு, 19 மி.மீ. நீளமும் உண்டு. குட்டை மரைக்கான துளையில் நீண்டதைத் திருகினால் அது பிஸ்டனில் மோதக்கூடும்.

கேள்வி: பின்பெட்டி, முன் கண்ணாடித் தடுப்பு, கூடுதல் விளக்கு ஆகியவற்றை ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்க எண்ணுகிறேன். விளக்கில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் உள்ளன. அது தயாரித்த நாட்டைக் குறிக்கிறதா?

பதில்: அந்த எண் தயாரித்த நாட்டைக் குறிப்பதில்லை, ஐ.நா. ஒழுங்குமுறைகளின்படி அப்பொருளுக்கு ஒப்புதல் வழங்கிய நாட்டைக் குறிக்கிறது. 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி. வேறெங்கோ செய்யப்பட்ட விளக்குக்கும் இத்தாலி ஒப்புதல் வழங்கியிருக்கலாம். வட்டத்தின் அருகில் ஒப்புதல் எண்ணும் இருக்க வேண்டும். வட்டம் மட்டும் அச்சிட்டிருந்து எண் இல்லாவிட்டால் ஐயப்படுவதே முறை.

பின்பெட்டியின் எடை பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் அமர்வதால் முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைகிறது. உயரமான கண்ணாடித் தடுப்பு ஹேண்டில்பாரில் பொருத்தப்பட்டிருந்தால், காற்று அதைத் தள்ளும்போது ஹேண்டிலையும் சேர்த்தே தள்ளும். இரண்டும் சேர்ந்தால் வேகமாகச் செல்கையில் முன்பக்கம் ஆடக்கூடும். ஆகவே முதலில் ஒன்றை மட்டும் பொருத்திச் சில நாள்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். பெட்டியின் கொள்ளளவை லிட்டரில் பெரிதாக அச்சிடும் நிறுவனங்கள், அதில் ஏற்றக்கூடிய எடையைச் சிறிய எழுத்தில் கிலோவில் குறிப்பிடுவது வழக்கம். கேரியருக்கும் தனியே ஓர் எடை வரம்பு இருக்கும். இரண்டில் குறைந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும். காலிப் பெட்டியின் எடையும் கேரியரின் வரம்புக்குள் அடங்க வேண்டும்.