கரையும் ஸ்டென்ட்: சேலத்திலிருந்து வந்த கேள்விகள்

ரத்தக் குழாயைத் தாங்கிப் பிடித்துவிட்டுத் தானே கரைந்துபோகும் ஸ்டென்ட்டுகளைப் பற்றிச் சேலம் வட்டார அன்பர்கள் கேட்டவை இவை. அடைத்த ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்தான் ஸ்டென்ட். கரையும் வகையைப் பாலிமரிலும் செய்கிறார்கள், மெக்னீசியம் போன்ற கரையும் உலோகத்திலும் செய்து பார்க்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல. ஸ்டென்ட்டுகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்த உலோகவியல் பொறியாளன். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாப்பேட்டை, நெசவாளர்: அப்பாவுக்கு உலோக ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கரையும் வகையை வைத்திருக்கலாமோ ஐயா?

கவலை வேண்டாம். இன்றும் பெரும்பாலோருக்கு வைப்பது மருந்து பூசிய, கரையாத உலோக ஸ்டென்ட்தான். கூரைக்கு கான்கிரீட் போடச் சென்ட்ரிங் அடிக்கிறோம் அல்லவா? இறுகியதும் பலகையைப் பிரித்துவிடுகிறோம். குழாய்க்கும் முதல் சில மாதங்கள்தான் தாங்கல் தேவை. பலகையை முன்கூட்டியே பிரித்தால் கூரை விழும். எங்கள் சோதனைகளெல்லாம் அந்த நாள்கணக்கைப் பற்றியவையே. அப்பாவின் மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

ஆத்தூர், மரவள்ளி விவசாயி: பாலிமர் என்றால் பிளாஸ்டிக். அதை ரத்தத்தில் வைப்பதா?

இது பாலிலாக்டிக் அமிலம். மாவுச்சத்தை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது. உங்கள் கிழங்கு மாவிலிருந்தும் அந்த அமிலத்தை எடுக்கலாம். உடலில் தண்ணீர் அந்தச் சங்கிலியை அறுக்கிறது. கடைசியில் கரியமில வாயுவும் நீரும்தான் மிச்சம். சோதனையில் 37 டிகிரி வெப்பத்தில், ரத்தத்தின் காரத்தன்மையோடு ஒத்த கரைசலில் போட்டு வைத்து, குறித்த நாட்களில் எடுத்துப் பார்ப்போம். தராசில் நிறுத்தால் பல மாதங்கள் எடை குறையவே குறையாது. ஆனால் உள்ளே சங்கிலி துண்டு துண்டாகிக்கொண்டிருக்கும். வலு முன்னால் போகும், எடை பின்னால் போகும். ஆகவே எடையை மட்டும் பார்த்தவர் ஏமாந்துபோவார்.

ஓமலூர், கல்லூரி மாணவி: நம் ஊர் வெள்ளைக்கல்லில் இருக்கும் மெக்னீசியமும் ஸ்டென்ட்டில் இருப்பதும் ஒன்றா?

தனிமம் ஒன்றுதான். அந்த வெள்ளைக்கல்லான மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். ஸ்டென்ட்டுக்குப் பிரித்தெடுத்த உலோகத்தோடு வேறு உலோகங்களைக் கலக்கிறார்கள். தனி மெக்னீசியம் அவசரக்குடுக்கை. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வரும். ஒரு கிராம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்த வாயுவைக் கவிழ்த்த அளவுக்குழாயில் பிடித்தே கரையும் வேகத்தைக் கணக்கிடலாம், உங்கள் கல்லூரிக் கூடத்திலேயே. ஆனால் கண்ணாடிக் குடுவையில் புரதம் இல்லை, ஓட்டம் இல்லை, திசு மூடுவதில்லை. குடுவைக் கணக்கு ரத்தக் குழாய்க்குள் பலமுறை பொய்த்திருக்கிறது.

இரும்போ நேர் எதிர். 2001இல் முயலின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்த இரும்பு ஸ்டென்ட் தொல்லை தரவில்லை. கரைவதுதான் மிக மெதுவாக. சேலத்தை அடுத்த கஞ்சமலை இரும்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் சற்று வருத்தமே. இரண்டுக்கும் நடுவே துத்தநாகம். 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் முழு ஸ்டென்ட் செய்யாமல், மெல்லிய துத்தநாகக் கம்பியை எலியின் தமனிக்குள் வைத்து, பிறகு எடுத்து அறுத்து எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளந்தார்கள். ஒரு கலவை தேறுமா என்று குறைந்த செலவில் சொல்லிவிடும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

கன்னங்குறிச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை: 2017இல் ஒரு கரையும் ஸ்டென்ட்டின் விற்பனையை நிறுத்தினார்களே! சோதிக்காமலா விற்றார்கள்?

சோதித்தார்கள், அம்மா. அப்பாட் நிறுவனத்தின் அப்சார்ப் அது. 2008 பேரிடம் நடந்த ஆய்வின் ஓராண்டு முடிவை முன்னிறுத்தி 2016 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் அது முழுதாகக் கரைய மூன்று ஆண்டு ஆகும். அதே 2016இல், 501 பேர் கொண்ட இன்னொரு ஆய்வின் மூன்றாண்டு முடிவு வந்தது: அப்சார்ப் வைத்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்திருந்தது, உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பாலிமர் வலுக் குறைந்தது என்பதால் கம்பியைச் சுமார் 150 மைக்ரான் தடிமனில் செய்திருந்தார்கள். புதிய உலோக ஸ்டென்ட்டில் அதில் பாதிதான். தடித்த கம்பி ரத்த ஓட்டத்தைக் கலைத்தது.

கரையாத உலோக ஸ்டென்ட்டை அவசரப்படுத்திச் சோதிக்கலாம். பத்தாண்டு இதயத்துடிப்பு என்பது சுமார் 38 கோடி. இயந்திரத்தில் வேகமாகத் துடிக்கவைத்துச் சில மாதங்களில் முடித்துவிடுவோம். கரைதலை அப்படி விரட்ட முடியாது. சூட்டை ஏற்றினால் பாலிமரின் குணமே மாறிவிடும். மூன்றாண்டில் கரையும் பொருளுக்கு ஓராண்டுக் கணக்கு போதாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

செவ்வாய்பேட்டை, மளிகைக் கடைக்காரர்: விலை?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசியதற்கும் கரைவதற்கும் ஒரே உச்சவரம்பு வைத்தது, 29,600 ரூபாய். பிறகு திருத்தங்கள் வந்தன. இப்போதைய விலையை மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டத் தொழிலாளி: அம்மாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் புண் ஆறவில்லை, ரத்த ஓட்டம் குறைவு என்கிறார்கள். இது உதவுமா?

முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களுக்கென்று ஒரு கரையும் ஸ்டென்ட்டை 2024 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. 261 பேரிடம் நடந்த ஆய்வில், பலூனால் மட்டும் விரித்ததைவிட ஓராண்டில் நல்ல பலன் தந்தது. ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஆறாத புண் ஒவ்வொரு நாளும் காலைத் தின்னும். இருபது கொண்டை ஊசி வளைவுதானே, நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துவந்து ரத்தநாள அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.