ஊரணிக்கரையில டென்ட் போடலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் கோயம்புத்தூர். காலேஜ் ஹாஸ்டல்ல என்கூட ஒரே ரூம்ல இருந்தவ இப்ப ஜெர்மனில வேலை பாக்குறா. ஆறு வருஷமா போன்லயும் வாட்ஸப்லயும்தான் எங்க நட்பு ஓடுது. ஜனவரில லீவுக்கு வர்றா, திருச்சில இறங்கினதும் என் கார்லயே அஞ்சு நாள் செட்டிநாடு சுத்தலாம்னு பிளான். டென்ட், ஸ்லீப்பிங் பேக், சின்ன கேஸ் ஸ்டவ் எல்லாம் வாங்கியாச்சு. பாக்க வேண்டிய இடம்னு 22 எழுதி வெச்சிருக்கேன். ஊரணிக்கரை, திருமயம் கோட்டை மாதிரி இடங்கள்ல டென்ட் போட விடுவாங்களா? ரெண்டு பொண்ணுங்க தனியா இத பண்ணலாமா? இன்னொண்ணு, வேற யார்கிட்டயும் கேக்கல. போன்ல மணிக்கணக்கா பேசுற நாங்க நேர்ல அஞ்சு நாள் ஒரே கார்ல இருந்தா பேச்சு தீந்துருமோன்னு பயமா இருக்கு. அவ சைவம், சாப்பாட்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

– ஒரு வாசகி, கோவை

அன்புத் தங்கச்சிக்கு,

பேச்சு தீந்துருமோன்னு கேட்டிருக்கீங்களே, அதுலேர்ந்தே ஆரம்பிக்குறேன், டென்ட்டெல்லாம் அதுக்கப்புறம். தீரும்மா. ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, கார் ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டு பேருக்கும் சொல்ல ஒண்ணும் இருக்காது. அப்ப பதறிப்போய் பாட்ட போட்டுறாதீங்க. போன்ல நாம சேதி இருந்தாத்தான் கூப்பிடுறோம், சேதி முடிஞ்சா வெச்சுடுறோம், அதனால தூரத்து சிநேகிதியோட சேதியெல்லாம் நமக்குத் தெரியும், ஆனா அவ சும்மா இருக்கும்போது எப்படி இருப்பாங்குறது தெரியாமலே போயிடும். எனக்கும் ஒருத்தி இருக்கா, பூனாவுல. அவ இங்க வந்து தங்கினப்பதான் தெரிஞ்சுது, காலைல எந்திரிச்சா ரொம்ப நேரத்துக்கு வாயே திறக்க மாட்டா, காப்பி டம்ளர வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்துருப்பா. அவ்வளவு வருஷப் பழக்கத்துல இது எனக்குத் தெரியவே இல்ல, ஏன்னா அந்த நேரத்துல அவ எனக்கு போன் பண்ணதே கிடையாது. அன்னைக்கு நானும் பேசாம பக்கத்துல உக்காந்தேன், எனக்கு அது அவ்வளவு பிடிச்சுது.

அதனாலதான் சொல்றேன், அந்த 22 இடத்த ஏழு எட்டா குறைச்சுருங்க. ஒரு நாளைக்கு நாலு இடம்னு ஓடுனா டிக்கெட் எடுக்கவும் பார்க்கிங் தேடவும்தான் ஆளு இருக்கும், அவள உக்காத்தி வெச்சுப் பாக்க உங்களுக்கு நேரமே இருக்காது.

எங்க செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்) வீடுங்கள பாக்கும்போது இன்னொண்ணையும் மனசுல வெச்சுக்கோங்க. இந்த வீடெல்லாம் தூரத்துல இருந்தவங்க கட்டினது. பர்மா, மலாயா, இலங்கைன்னு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித்தொழில் பண்ணப் போனவங்க, பெட்டியடிப் பையனா (கடை எடுபிடியா) போய் சேந்து அடுத்தாளா (உதவியாளா) மேலாளா (கடைப் பொறுப்பாளரா) ஆனவங்க, ஏஜெண்டா போனா பொதுவா மூணு வருஷத் தவணை, அது முடிஞ்சாத்தான் ஊரு. பொண்டாட்டி புள்ள எல்லாம் இங்க. அப்படி சம்பாதிச்ச காசுலதான் பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு கொண்டாந்து, ஒரு தெருவுல முகப்பு அடுத்த தெருவுல பின்வாசல்ங்குற நீளத்துக்கு வீட்ட கட்டுனாங்க. வளவுல, அதான் வீட்டோட உள்கட்டுல, முற்றத்தச் சுத்தி வரிசையா ரூம் இருக்கும் பாருங்க, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு, அடுப்பும் தனித்தனி, ஆனா முற்றம் எல்லாருக்கும் பொது. எங்கெங்கயோ இருக்குறவங்க ஒரு கல்யாணம் காச்சின்னா வந்து சேர்றதுக்காகவே கட்டினது. 1942ல ஜப்பான்காரன் பர்மாவ பிடிச்சதோட அந்தத் தொழிலே ஆட்டம் கண்டுபோச்சு, இன்னைக்கு பல வீடு பூட்டித்தான் கிடக்கு, ஆனா இப்பவும் ஒரு விசேஷம்னா சென்னை, சிங்கப்பூர்னு எல்லாரும் வந்து இறங்குவாங்க, அன்னைக்கு அந்த வீட்டப் பாக்கணும்! ஆறு வருஷம் பிரிஞ்சு இருந்த ரெண்டு பேர் வந்து சேர்றதுக்கு இத விட நல்ல ஊர் எனக்குத் தெரியாது, மனசாரத்தான் சொல்றேன்.

இப்ப டென்ட். ஊரணிக்கரையில வேண்டாம். பாக்க அழகா இருக்கும், கல் படி, சுத்துச்சுவர், ஜனவரில தண்ணியும் நிக்கும், ஆனா பல ஊர்ல அது குடிக்கிற தண்ணி. மழைத்தண்ணி வீணா போகாம தெருவழியா வரத்துக்கால்ல ஓடி வந்து ஊரணில சேர்ற மாதிரிதான் அந்தக் காலத்துல ஊரையே அமைச்சிருக்காங்க, குடிதண்ணி ஊரணில கால் நனைக்கக்கூட விட மாட்டாங்க. அங்க போய் பல்லு விளக்கி பாத்திரம் கழுவுனா ஊர்க்காரங்க மனசு எவ்வளவு நோகும்னு யோசிச்சுப் பாருங்க. கோட்டையும் ஆகாது, அது தொல்லியல் துறை கைல இருக்கு, சாயங்காலம் ஆனா பூட்டிருவாங்க. ரோட்டோரம் தைலமரக்காடு நிழலா தெரியும், அதுல பல இடம் வனத்தோட்டக் கழகத்தோட நிலம், கேக்காம நுழையக்கூடாது, சருகு வேற காஞ்சு கிடக்கும், அங்க கேஸ் ஸ்டவ்வ பத்த வெக்குறது ரொம்ப ஆபத்து.

இங்க யாருக்கும் சொந்தமில்லாத வெத்து நிலம்னு ஒண்ணு கிடையாதும்மா. பொட்டலா தெரியுறது ஒரு ஊரோட மந்தையா இருக்கும், ஒத்தை மரத்தடி ஒரு குடும்பத்தோட சாமி இடமா இருக்கும். அதனால கேட்டுட்டு போடுங்க. தோப்பு வெச்சிருக்கவங்க யாரையாவது தெரிஞ்சவங்க மூலமா முன்கூட்டியே பிடிங்க, ஆளு குடியிருக்குற தோப்பா, மோட்டார் ரூம் லைட்டு இருக்குற இடமா பாத்துக்கோங்க. ரெண்டு பொண்ணுங்க தனியா பண்ணலாமான்னா இப்படி ஒரு வீட்டு ஆளுங்க கூப்பிடு தூரத்துல இருந்தா தாராளமா பண்ணலாம், இல்லாட்டி அன்னைக்கு ராத்திரி ரூம் எடுத்துருங்க, ரெண்டாவது யோசனையே வேண்டாம். பக்கத்து ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லி வைங்க, 112, 181 ரெண்டு நம்பரும் போன்ல இருக்கட்டும். அஞ்சு ராத்திரியும் டென்ட் வேண்டாம், ரெண்டு போதும், மீதி நாளுக்கு பழைய வீட்ட தங்கும் விடுதியா மாத்தியிருக்காங்கல்ல, கானாடுகாத்தான் பக்கம் அதுல ஒண்ணுல படுத்து எந்திரிங்க.

குளிருக்கு பயப்பட வேண்டாம், ஆனா பனி நல்லா இறங்கும், டென்ட்டுக்கு மேல ஷீட் போடாம படுத்தா விடியும்போது எல்லாம் நனைஞ்சிருக்கும். கீழ தார்ப்பாய் போடுறதுக்கு முன்னாடி சீமைக்கருவேல முள்ள பொறுக்கிருங்க, டென்ட்டோட அடித்துணி மட்டுமில்ல, கார் டயரையே பதம் பாக்குற முள்ளு. டென்ட் ஜிப்ப மட்டும் எப்பவும் மூடியே வைங்க, கட்டுவிரியன் ராத்திரில தரையில படுத்திருக்குறவங்கள கடிக்கும், பல நேரம் கடிச்ச வலியே தெரியாது. அப்படி ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் 108க்கு அடிச்சு நேரா அரசு ஆஸ்பத்திரிதான், கட்டு போடுறது கீறி விடுறதெல்லாம் கூடவே கூடாது.

வழி இப்படி வெச்சுக்கலாம். திருச்சிலேர்ந்து காரைக்குடி 90 கிலோமீட்டர் சுமார், ஆனா நேரா வராதீங்க, நார்த்தாமலைல நிறுத்தி மேல ஏறி விஜயாலய சோழீஸ்வரம் கோயில்கிட்ட உக்காருங்க. சித்தன்னவாசல் ஓவியமும் ஏழடிப்பட்டத்து சமணர் படுக்கையும் பாக்கணும்னா அதுக்குன்னு அரை நாள் ஒதுக்குங்க, இல்லாட்டி விட்டுருங்க. அடுத்து புதுக்கோட்டை தாண்டி திருமயம். கோட்டை 1687ல ராமநாதபுரம் சேதுபதி ராஜா கட்டினதா சொல்லுவாங்க, ஊருக்குள்ள ஊமையன் கோட்டைன்னாத்தான் தெரியும். எல்லாரும் மேல ஏறி பீரங்கிகிட்ட போட்டோ எடுத்துட்டு இறங்கிருவாங்க, கீழ அதே பாறையில குடைஞ்ச சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்து பக்கத்துல இருக்கு, பள்ளிகொண்ட பெருமாள் முன்னாடி நின்னா எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

ஆத்தங்குடில பெரிய வீட்டோட டைல் போடுற பட்டறையும் பாருங்க. கண்ணாடித் துண்டு மேல அச்ச வெச்சு, கலர் சிமெண்ட கூழா கரைச்சு கையாலயே ஊத்தி, மேல உலர்ந்த கலவை, அப்புறம் ஈரக்கலவைன்னு போட்டு தண்ணித்தொட்டில ஊற வெச்சு எடுப்பாங்க. சூளையும் கிடையாது பாலிஷும் கிடையாது, அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுக்குறது. அங்க ஒரு மணி நேரம் சும்மா நின்னு பாருங்க, ரெண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படாது.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உங்க லிஸ்ட்ல இல்லைன்னு நினைக்குறேன், கட்டாயம் சேருங்க. ஜனவரில கண்மாய் மரமெல்லாம் கூடா இருக்கும். அந்தப் பறவைங்களுக்காக கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்க தீபாவளிக்குக்கூட வெடி போடுறதில்ல, குழந்தைங்க உட்பட, தலைமுறை தலைமுறையா. அதனால ப்ளூடூத் ஸ்பீக்கர் கார்லயே இருக்கட்டும்.

பொங்கல ஒட்டி வந்தீங்கன்னா தை 3 அன்னைக்கு சிராவயல் மஞ்சுவிரட்டு, அந்தப் பக்கம் கார் நகராது, கூட்டம் பிடிக்கலைன்னா அன்னைக்கு தேவகோட்டைப் பக்கம் போயிருங்க. தைப்பூசம்னா குன்றக்குடிலேர்ந்து நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகும், சிங்கம்புணரி, நத்தம் வழியா. ராத்திரி வழில தங்கி, அங்கயே சமைச்சு சாப்பிட்டு, விடியுறதுக்கு முன்னாடி திரும்ப நடப்பாங்க, நம்ம ஊர்ல டென்ட் வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடிலேர்ந்து இருக்குற பழக்கம். ரோட்டுல அவங்களப் பாத்தா வண்டிய மெதுவா ஓட்டுங்க. அறுப்பு ஆரம்பிச்சிருக்கும், கிராமத்து ரோட்டுல நெல்லு காயப்போட்டிருப்பாங்க, அதுக்கும்தான்.

சாப்பாட்டுக்கு கவலையே வேண்டாம். செட்டிநாடுன்னா கோழி மட்டும்னு வெளில ஒரு நினைப்பு இருக்கு, வீட்டுச் சமையல்ல சைவமும் நிறைய இருக்கு. காலைல இடியாப்பம், வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், மத்தியானம் அரிசி கழுவுன தண்ணில புளி கரைச்சு வெக்கிற வெண்டைக்காய் மண்டி, சாயங்காலம் கந்தரப்பமோ மசாலா சீயமோ, இனிப்புக்கு கவுனி அரிசியும் பால் பணியாரமும். பெரிய ஹோட்டல்ல இதெல்லாம் எப்பவும் கிடைக்காது, தங்குற இடத்துல முந்தின நாளே சொல்லி வைங்க, கவுனி அரிசிய ராத்திரியே ஊறப்போடணும். ஜெர்மனிக்கு கட்டிக் கொடுக்க மகிழம்பூ முறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை. மாவுருண்டைல நெய் இருக்கும், கார் வெயில்ல நின்னா இளகிரும், அத மட்டும் கிளம்புற அன்னைக்கு வாங்குங்க.

அன்புடன்,
அக்கா